2.48 என்ற எண்ணும் ‘ரெமிஷன்’ என்ற சொல்லும்: ஒரு முடக்குவாதக் கண்காணிப்பு மருந்தகம் பற்றிய மதிப்பீடு

சிங்கப்பூரின் பொது மருத்துவமனை ஒன்றில், ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாத மூட்டு நோயாளிகளுக்கென்று நடத்தப்படும் கண்காணிப்பு மருந்தகத்துக்கு ஐந்து ஆண்டுகளாகப் போய்வருகிறேன். குறைகளையும் எழுதப்போவதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன். காத்திருக்கும் நேரம், தொலைபேசி, மருந்து வாங்கும் இடம் ஆகியவற்றுக்குப் பிற்பகுதியில் சில வரிகள் ஒதுக்கியிருக்கிறேன். என் கணக்கில் இத்தகைய சேவையை எடைபோட வேண்டிய இடம் வேறு. நோய் அடங்கிவிட்டது, அதாவது ‘ரெமிஷன்’, என்று நோயாளியிடம் எப்போது சொல்கிறார்கள், எதை அளந்து சொல்கிறார்கள், சொன்ன பிறகு மருந்தில் என்ன மாற்றம் செய்கிறார்கள் என்ற மூன்றையும் வைத்துத்தான் இந்த மருந்தகத்தை நான் மதிப்பிடுகிறேன்.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். சந்திப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே ரத்தம் எடுத்துவிடுகிறார்கள். பிறகு இந்நோயில் தனிப்பயிற்சி பெற்ற மூத்த தாதி ஒருவர் நமக்கு எதிரே, நம் முழங்காலுக்குச் சற்று மேலான உயரத்தில் ஒரு முக்காலியில் அமர்ந்து, கையைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு விரல் கணுவையும் இரு கட்டைவிரல்களால் அழுத்திப் பார்க்கிறார். அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு அவர்களிடம் ஓர் அடையாளம் உண்டு: அழுத்துபவரின் நகத்தடி வெளுக்க வேண்டும். தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல்களின் அடிக்கணுக்கள் பத்து, நடுக்கணுக்கள் பத்து, முழங்கால் என்று மொத்தம் 28 மூட்டுகள். வலித்தால் ஒரு குறி, வீங்கியிருந்தால் இன்னொரு குறி. கடைசியில் 100 மில்லிமீட்டர் நீளக் கோடு ஒன்றை நீட்டி, மூட்டுவாதத்தின் பாதிப்பை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று பேனாவால் குறுக்கே ஒரு கீறு கீறச் சொல்கிறார்கள். இவ்வளவும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஐந்து ஆண்டுகளில் ஒரு முறைகூட இந்தக் கணக்கெடுப்பைத் தவிர்த்துவிட்டு, “எப்படி இருக்கிறீர்கள், பரவாயில்லையா?” என்று கேட்டு என்னை அனுப்பியதில்லை. இது சிறிய விஷயமன்று. கிளாஸ்கோவில் 110 நோயாளிகளை வைத்து நடத்தி 2004இல் வெளியிட்ட டைகோரா ஆய்வில், மாதந்தோறும் இப்படி அளந்து, இலக்கை எட்டாதபோதெல்லாம் மருந்தை மாற்றியவர்களில் 65 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியது. வழக்கமான முறையில் சிகிச்சை பெற்றவர்களில் அது 16 விழுக்காடுதான்.

கடந்த ஆண்டு அக்டோபரில் இந்த அளவுகளையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டபோது எனக்குக் கிடைத்த எண் 2.48. கணினித் திரையில் அது பச்சை நிறத்தில் வந்தது. “ரெமிஷன், டீச்சர்,” என்று தாதி சிரித்தார். பிறகு பார்த்த மருத்துவரும் அதே சொல்லைச் சொல்லி, வாரம் 20 மில்லிகிராமாக இருந்த மெத்தோட்ரெக்சேட்டை 15 ஆகக் குறைக்கலாம் என்றார். சனிக்கிழமை இரவில் எட்டு மாத்திரை விழுங்கிவந்த எனக்கு அது ஆறாகக் குறையும் என்பது நல்ல செய்தியாகவே பட்டது. ஆனால் அந்த வாரம்தான் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் வெறுங்காலுடன் வலம்வரும்போது, முன்பாதத்தின் கீழே கூழாங்கல் உருள்வதுபோல் இருந்ததால் நின்று குனிந்து தரையைப் பார்த்திருந்தேன். தரை துடைத்துவிட்டதுபோல் வழவழவென்று இருந்தது. கல் என் காலுக்குள் இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்த எண்ணை நானே பிரித்துப் பார்த்தேன். டாஸ் 28 எனப்படும் இந்த அளவுகோலில், வலிக்கும் மூட்டுகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு 0.56ஆல் பெருக்க வேண்டும். வீங்கிய மூட்டுகளின் வர்க்கமூலத்தை 0.28ஆல் பெருக்க வேண்டும்; ஈ.எஸ்.ஆர். எனப்படும் ரத்தப் பரிசோதனை எண்ணின் இயல் மடக்கையை 0.70ஆலும், கோட்டில் கீறிய இடத்தின் மில்லிமீட்டரை 0.014ஆலும் பெருக்கி, நான்கையும் கூட்ட வேண்டும். என்னிடம் வலித்த மூட்டு இல்லை, வீங்கியது ஒன்று, ஈ.எஸ்.ஆர். 14, கோட்டில் நான் வைத்த குறி 25. கூட்டினால் 2.48 வருகிறது, தாதியின் கணக்கில் பிழை ஏதும் இல்லை. இந்த அளவுகோலின்படி 2.6க்குக் கீழே இருந்தால் நோய் அடங்கிய நிலை, 3.2 வரை குறைந்த வீரியம், 5.1 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

ஆனால் அதே நாளின் அதே எண்களை வேறு அளவுகோலில் வைத்தால் விடை மாறிவிடுகிறது. அமெரிக்க மூட்டுவாதவியல் கல்லூரியும் யூலார் என்ற ஐரோப்பியக் கூட்டமைப்பும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட வரையறை நான்கு நிபந்தனைகளைச் சொல்கிறது: வலிக்கும் மூட்டு ஒன்றுக்கு மேல் கூடாது, வீங்கிய மூட்டு ஒன்றுக்கு மேல் கூடாது, சி.ஆர்.பி. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை எண் டெசிலிட்டருக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, நோயாளி தரும் மதிப்பெண் பத்துக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. நான்கும் ஒரே நேரத்தில் நிறைவேற வேண்டும். மூன்றில் நன்றாக இருப்பது நான்காவதன் குறையை ஈடுகட்டாது. நான் வைத்த குறி பத்துக்கு 2.5. ஆகவே தேறவில்லை. வர்க்கமூலமும் மடக்கையும் இல்லாமல் வெறும் கூட்டலாகவே செய்யப்படும் சி.டி.ஏ.ஐ. என்ற அளவுகோலில், மூட்டு ஒன்று, என் மதிப்பெண் 2.5, மருத்துவர் தந்த மதிப்பெண் 0.5 என்று 4 வந்தது. அதில் அடங்கிய நிலைக்கு எல்லை 2.8. சி.ஆர்.பி.யையும் சேர்த்துக்கொள்ளும் எஸ்.டி.ஏ.ஐ.யில் 4.4, எல்லை 3.3. ஒரே உடம்பு, ஒரே காலைப்பொழுது. ஓர் அளவுகோல் அடங்கிவிட்டது என்கிறது, மூன்று இன்னும் இல்லை என்கின்றன.

இங்கே ஓர் இடறலையும் சொல்ல வேண்டும். என் பரிசோதனை அறிக்கையில் சி.ஆர்.பி. லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்று அச்சாகியிருந்தது. வரையறையோ டெசிலிட்டர் கணக்கில் பேசுகிறது. பத்தால் வகுக்காமல் அப்படியே கூட்டினால் நோய் பெரிதாகிவிட்டதுபோல் தோன்றும். முதல் முறை நானும் அப்படித்தான் கூட்டிப் பதறினேன்.

இந்த முரண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், நெடுங்கதை ஒன்று இருக்கிறது. 1981இல் அமெரிக்காவில் வகுத்த முதல் வரையறை மிகக் கண்டிப்பானது: காலை விறைப்பு 15 நிமிடத்துக்குள், களைப்பு இல்லை, மூட்டுவலி இல்லை, அழுத்தினாலும் அசைத்தாலும் வலி இல்லை, வீக்கம் இல்லை, ஈ.எஸ்.ஆர். பெண்களுக்கு 30க்கும் ஆண்களுக்கு 20க்கும் கீழே. இந்த ஆறில் குறைந்தது ஐந்து தொடர்ந்து இரண்டு மாதம் நிலைக்க வேண்டும். களைப்பே இல்லாத நாற்பது வயதுக்காரரை, அதுவும் வேலைக்குப் போய்க்கொண்டே பிள்ளை வளர்ப்பவரை, எங்கே தேடுவது என்று கேட்கத் தோன்றும். டாஸ் 28 நெதர்லாந்தில் 1990களில் உருவானது. நோயின் வீரியம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டுவதே அதன் முதல் வேலை, 2.6 என்ற எல்லை, பழைய வரையறையோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பின்னால் இடப்பட்டது. வீங்கிய மூட்டுக்கு வலிக்கும் மூட்டில் பாதி எடையே தரும் இந்தச் சூத்திரத்தில், நான்கு மூட்டு வீங்கி, ஒன்று வலித்து, ஈ.எஸ்.ஆர். 6ஆகவும் கோட்டுக் குறி 10ஆகவும் இருந்தால் 2.51 வரும். நான்கு மூட்டு வீங்கியிருப்பவரைப் பார்த்து நோய் அடங்கிவிட்டது என்று எந்தப் பாட்டி ஒப்புக்கொள்வார்? டோசிலிசுமாப் போன்ற மருந்துகளைப் போட்டுக்கொள்பவர்களுக்கு இது வெறும் கணக்குப் பயிற்சியும் அன்று. கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கத் தூண்டும் இன்டர்லூகின் 6 என்ற பொருளையே அம்மருந்துகள் தடுப்பதால், மூட்டின் நிலை எப்படியிருந்தாலும் ரத்த எண்கள் தாழ்ந்துவிடும். அவற்றோடு டாஸ் 28உம் தாழ்ந்துவிடும்.

பாதத்துக்கு வருகிறேன். 28 மூட்டுகளில் கணுக்காலும் இல்லை, கால்விரல்களும் இல்லை. விரைவாக எண்ணி முடிக்கலாம் என்பதற்காகவே மூட்டுகளைக் குறைத்தார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த பழைய டாஸ் அளவுகோல் 44 மூட்டுகளைப் பார்த்தது, அதில் பாதங்களும் உண்டு. குறைத்ததில் தவறில்லை என்றும் ஒரு வாதம் உண்டு, ஏனென்றால் பெரும்பாலோருக்குக் கையும் காலும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. ஆனால் எனக்குக் கை அடங்கிக் கால் அடங்காமல் நின்றது. காலணியைக் கழற்றச் சொல்லாத ஒரு பரிசோதனை, என் பாதத்தைப் பற்றி அறிந்துகொள்ள விட்டுவைத்திருந்த ஒரே வழி அந்தக் கோட்டில் நான் வைத்த 25 என்ற கீறுதான். அந்தக் கீறையும் நான் முழுமையாக நம்பச் சொல்லமாட்டேன். அது தேர்வுத்தாள் திருத்தும் மாதம். நள்ளிரவு வரை விழித்திருந்தேன். 25இல் எவ்வளவு பாதத்தினுடையது, எவ்வளவு கட்டுரைத்தாள்களினுடையது என்று எனக்கே தெரியாது. நோயாளியின் மதிப்பெண்ணில் முடக்குவாதத்துக்குச் சம்பந்தமில்லாத வலியும் கவலையும் கலந்துவிடுகின்றன என்பதால்தான், 2022இல் திருத்திய வரையறையில் அந்த எல்லையை ஒன்றிலிருந்து இரண்டாக உயர்த்தினார்கள். அதிலும் எனக்கு அரை மதிப்பெண்ணில் தவறியது.

இந்தக் கோட்டை வைத்து இம்மருந்தகத்தின் மீது எனக்குள்ள பெரிய குறையைச் சொல்கிறேன். எழுபதைக் கடந்த ஓர் அம்மாள் எனக்குப் பக்கத்து அறையில் அடிக்கடி வருவார். அவருக்கு ஆங்கிலம் வராது. தாதிக்குத் தமிழ் வராது. இருவருக்கும் பொதுவாக இருப்பது பழைய சந்தை மலாய். திரை பாதி திறந்திருந்த ஒரு நாள் காதில் விழுந்தது இது:

“மாக்சிக், சாக்கிட்?”

“சிக்கிட், மிஸ்ஸி, சிக்கிட்.”

வலிக்கிறதா என்று கேட்டார், கொஞ்சம் என்று பதில் வந்தது, தாதியே பேனாவை எடுத்துக் கோட்டின் இடதுபக்கத்தில் ஓரிடத்தில் கீறினார். வெளியே வந்து மருந்துக்குக் காத்திருந்தபோது அந்த அம்மாள் என்னிடம், “வலி கொஞ்சந்தான் தங்கச்சி. ஆனா மைலோ டின்னைத் திறக்க முடியலை, ராத்திரியில புரண்டு படுக்க முடியலை,” என்றார். அந்தக் கோடு வலியை மட்டும் கேட்கவில்லை. நோய் வாழ்க்கையை எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது என்று கேட்கிறது. கேள்வி ‘சாக்கிட்’ என்று சுருங்கியதும் பதிலும் சுருங்கிவிட்டது. 15இல் வைப்பதற்கும் 55இல் வைப்பதற்கும் டாஸ் 28இல் உள்ள வேறுபாடு 0.56. வலியே இல்லாதவருக்கு ஒரு மூட்டு வலிக்கத் தொடங்கினால் கூடுவதும் அதே 0.56தான். 3.1இல் இருப்பவரை 2.54க்கு இறக்கி, பச்சை நிறத்துக்குள் கொண்டுவர ஒரு மொழிபெயர்ப்பு போதும். நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில், வரவேற்பு முகப்பில் நான்கிலும் வணக்கம் சொல்லும் பலகை வைத்திருக்கும் ஓர் இடத்தில், இந்த ஒரு கேள்வியைத் தமிழில் அச்சடித்து வைப்பது எவ்வளவு பெரிய செலவாகிவிடும்? கருத்துப் படிவத்தில் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். “பரிசீலிக்கிறோம்” என்ற பதில் இரண்டு முறையும் வந்தது.

என் விஷயத்தில் நடந்ததைச் சொல்லி முடித்தால்தான் மதிப்பீடு நியாயமாக இருக்கும். மருந்தைக் குறைப்பதற்கு முன் என் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு மருந்தகத்தின் தொலைபேசி எண்ணில் செய்தி விட்டேன். திரும்ப அழைக்க ஒன்பது நாளாயிற்று. வாரம் ஒரு முறை விழுங்கும் மருந்தில் ஒன்பது நாள் என்றால் ஒரு சனிக்கிழமை கடந்துவிடும். நான் எட்டு மாத்திரையையே தொடர்ந்தேன். ஆனால் அழைத்த தாதி, நான் கூட்டிவைத்திருந்த எண்களைப் பொறுமையாகக் கேட்டு, ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லிச் சரிபார்த்து, சந்திப்பை மூன்று வாரத்துக்குள் முன்னுக்குக் கொண்டுவந்தார். மருத்துவரும் முகம் சுளிக்கவில்லை. முன்பாதத்தை இருபக்கமும் பிடித்து ஒரு பிழி பிழிந்தார். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அல்ட்ராசவுண்டில் இடது காலின் இரண்டு விரலடி மூட்டுகளில் ரத்த ஓட்டம் நிறப்புள்ளிகளாகத் தெரிந்தது. நீறுபூத்த நெருப்பு என்பதை அதற்கு முன் நான் வகுப்பில்தான் விளக்கியிருக்கிறேன். மெத்தோட்ரெக்சேட் குறையவில்லை, சல்ஃபசலசின் சேர்ந்தது.

அல்ட்ராசவுண்டை எல்லாருக்கும் ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டும் என்று இதை வைத்து யாரும் கேட்க வேண்டாம். அதைப் பார்த்துப் பார்த்து மருந்தை மாற்றியவர்கள், கையால் அளந்து மாற்றியவர்களைவிட மேலான நிலையை எட்டவில்லை என்று நார்வேயில் நடத்தி 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. சந்தேகம் உள்ள இடத்தில் ஒரு முறை பார்ப்பது வேறு. இந்த மருந்தகத்தில் அதை அளவோடுதான் பயன்படுத்துகிறார்கள். அதை நான் பாராட்டாகவே எழுதுகிறேன்.

ஆறு மாதம் கழித்து மூட்டு எதுவும் வலிக்கவில்லை, வீங்கவில்லை, கோட்டில் 10 வைத்தேன், சி.டி.ஏ.ஐ. 1.5, எஸ்.டி.ஏ.ஐ. 1.8. நான்கு நிபந்தனைகளும் நிறைவேறின. இம்முறை மருத்துவர் ‘ரெமிஷன்’ என்பதோடு நிற்காமல், எந்த அளவுகோலில் என்பதையும் என் கோப்பில் எழுதினார். மாத்திரையைக் குறைக்கலாமா என்று நான்தான் ஆசையோடு கேட்டேன். குறைந்தது ஆறு மாதம் இந்நிலை நீடிக்கட்டும், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு முதலில் அதை நிறுத்திவிட்டுத்தான் மற்றவற்றில் கை வைப்போம், உங்களுக்கு அது இல்லாததால் காத்திருப்பு மட்டும்தான் என்றார். அடங்கிய நிலை என்பது மருந்தோடு சேர்ந்து அடங்கியிருப்பது என்பதை, ஐந்து ஆண்டில் முதல் முறையாக அவ்வளவு தெளிவாகக் கேட்டேன். குணமாகிவிட்டது என்று நினைத்துத் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு, தீபாவளிக்கு முறுக்கு பிழிந்த மறுநாள் மணிக்கட்டு புடைத்து அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போன என் நாத்தனாரிடம் யாராவது இதை இப்படிச் சொல்லியிருக்கலாம்.

மற்றவை சுருக்கமாக. காத்திருப்பு சராசரியாக ஐம்பது நிமிடம். இருக்கைகள் தாழ்வாக இருப்பதால் முழங்கால் வலிப்பவர்கள் எழுந்திருக்கச் சிரமப்படுகிறார்கள், மூட்டுவாத மருந்தகத்தில் இது வேடிக்கைதான். முடக்குவாதம் நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் உள்ளதால் ஆண்டு வரம்புக்குள் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தலாம். முகப்பில் கேட்டால்தான் சொல்கிறார்கள். மருந்தை வீட்டுக்கு அனுப்பும் வசதி நன்றாக நடக்கிறது. மெத்தோட்ரெக்சேட் பொட்டலத்தின் மேல் ‘வாரம் ஒரு முறை மட்டும்’ என்று சிவப்பில் ஒட்டியிருப்பதும், கூடவே வரும் ஃபோலிக் அமிலத்தை எந்த நாளில் எடுக்க வேண்டும் என்று மருந்தாளர் கையால் எழுதித் தருவதும் கவனமான வேலை. ரத்த முடிவுகள் பெரும்பாலும் அன்று மாலைக்குள் ஹெல்த்ஹப் செயலியில் வந்துவிடுகின்றன. ஆனால் அளவுகோலின் எண் அதில் வருவதில்லை. அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நான்கு உறுப்பு எண்களையும் தனித்தனியாக வாங்குவது நல்லது, ஏனெனில் கூட்டுத்தொகையை வைத்து மறுபடி பிரிக்க முடியாது.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவேன். ஒரு நட்சத்திரம் குறைந்தது ஒன்பது நாளுக்காகவும் அந்தக் கோட்டுக்குத் தமிழ் இல்லாததற்காகவும். இங்கே புதிதாகப் போகிறவர்கள் காலை 8.30 மணிச் சந்திப்பைக் கேட்டு வாங்குங்கள். மத்தியானத்துக்குள் விரல்கள் இளகிவிடுவதால், காலையில் தெரியும் விறைப்பு அப்போது தெரியாது. கயிறு கட்டும் காலணி வேண்டாம். கழற்றச் சொல்லாவிட்டாலும் நீங்களே கழற்றிவிட்டு உட்காருங்கள். சென்ற முறை நான் அப்படி உட்கார்ந்தபோது, தாதி 28ஐ எண்ணி முடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் முக்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு என் இடது காலைத் தம் மடியில் எடுத்து வைத்தார். அந்த எண்ணுக்குத் திரையில் கட்டம் இல்லாததால், தாளின் ஓரத்தில் ‘பாதம்: 0’ என்று எழுதினார்.